காபன் ஃபைபர்ல செய்தா டெக் வளையுமா? (மட்டக்களப்பு, வீட்டு வேலை)

பெப்ரவரி 11, 2024

கல்முனைத் தம்பி ஒராள் கேட்டிருக்கிறார்: "அண்ணே, லோங்போர்ட் டெக் ஒண்டு வீட்டில செய்யப் போறன். ஏறி நிண்டா நல்லா வளைஞ்சு குடுக்கணும். அதுக்காக முழுக்கக் காபன் ஃபைபர்ல செய்யிற எண்ணம். எத்தின லேயர் போடலாம்?"

லோங்போர்ட் எண்டது நீட்டு ஸ்கேட்போர்ட், டெக் எண்டது அதில ஏறி நிக்கிற பலகை. முழுக்கக் காபன் போட்டா வளையாது தம்பி. காபன் விறைப்புக்குப் போடுற சாமான். நாரின்ட விறைப்பு 230 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கிற அலகு) மட்டில வரும். போட் கட்டுற இடங்களில கிடக்கிற சாதாரண ஈ-கிளாஸ், அதாவது கண்ணாடி நார், 72 தான். நீளுற விசயத்தில தலைகீழ். காபன் நார் 1.5, மிஞ்சினா 2 வீதம் நீளேக்க அறுந்திடும். கிளாஸ் 4 வீதத்தைத் தாண்டியும் நிக்கும். தூண்டில் கோல் காபன்லதானே செய்யிறாங்க, அது வளையுதே எண்டு அடுத்தது கேப்பீங்க. கோல் மெல்லிசு, அதால வளையுது. டெக்கில ஒரு ஆள் ஏறி நிக்கணும், அந்தளவுக்கு மெல்லிசாச் செய்யேலாது.

வளையிற டெக்குக்கு நடுவில மரம், ரெண்டு பக்கமும் கிளாஸ் துணி. இது பழைய வித்தை. கோர்டன் அண்ட் ஸ்மித் கம்பனி 1960களிலயே மேப்பிள் மரத்துக்கு ரெண்டு பக்கமும் கிளாஸ் ஒட்டி 'ஃபைபர்ஃபிளெக்ஸ்' எண்டு வித்தது. கடையில வாற சாதாரண ஸ்கேட்போர்ட் 7 தட்டு மேப்பிள். அதை வளையவெண்டு செய்யிறதில்ல.

பெப்ரவரி 12

"கணக்கைக் காட்டாம கதைக்காதீங்க" எண்டு ஒராள். சரி.

ட்ரக் எண்டது டெக்குக்குக் கீழ சில்லுகளைப் பிடிச்சிருக்கிற பாகம், முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு. ட்ரக்குக்கும் ட்ரக்குக்கும் இடையில 70 சென்ரிமீற்றர். அகலம் 22. நடுமரம் 9 மில்லிமீற்றர் தடிப்பு. மரத்தின்ட விறைப்பை 10 கிகாபாஸ்கல் எண்டு வைச்சுக் கொள்ளுவம். 70 கிலோ ஆள் நட்ட நடுவில நிக்கிறார். ரெண்டு முனையிலயும் தாங்கின சட்டத்துக்கு நடுவில பாரம் வைக்கிற சூத்திரத்தைப் போட்டா:

மரம் மட்டும் எண்டா 37 மில்லிமீற்றர் தாழும்.
மேலயும் கீழயும் 300 கிராம் கிளாஸ் துணி ஒரு தட்டுப் போட்டா 27.
அதுக்குப் பதிலா 200 கிராம் காபன் துணி, நார் நீளவாக்கில ஓடுற மாதிரி ஒரு தட்டுப் போட்டா 20.

ஒரே ஒரு தட்டுக் காபன் டெக்கின்ட தாழ்வைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிப் போடுது. ரெண்டாவது தட்டு வைச்சா பலகைக் கட்டில்தான்.

தடிப்பையும் மறந்திராதீங்க. விறைப்பு தடிப்பின்ட மூண்டாம் அடுக்கில ஏறும். 9 மில்லிமீற்றரை 10 ஆக்கினா மூண்டில ஒரு பங்குக்கு மேல விறைக்கும். பாரம் கூடினவங்க காபன் தேட முதல் ஒரு மில்லிமீற்றர் மரத்தைக் கூட்டிப் பாக்கலாம். காசும் மிச்சம்.

பெப்ரவரி 18

ஒரு கிழமையா யோசிச்சதில முதல் குறிப்போட ஒண்டைச் சேக்க வேண்டிக் கிடக்கு. காபனே வேண்டாமெண்டு ஆரும் விளங்கிக்கொள்ள வேணாம்.

டெக் ரெண்டு விதமா வளையும். நடுவில தாழுறது ஒண்டு. அதைத்தான் நாம ஆசைப்படுறது. மற்றது முறுகிறது. முன் ட்ரக் ஒரு பக்கம் சாய, பின் ட்ரக் கொஞ்சம் பிந்திச் சாயும். இறக்கத்தில வேகம் பிடிக்கேக்க இந்த முறுக்கு வந்தா கால் நடுங்கும். ட்ரக்கை இறுக்கினாலும் போகாது, ஏனெண்டா நடுக்கம் பலகைக்குள்ள இருக்கு.

முறுக்கைப் பிடிக்கிறதுக்கு நார் 45 பாகையில, குறுக்கும் மறுக்குமா ஓடணும். காபன் துணியை அப்பிடிச் சரிச்சு வெட்டிப் போட்டா முறுக்குக்கு நல்லா விறைக்கும், நீளவாக்கு வளைவில பெரிசாக் கை வைக்காது. மேல போட்ட கணக்கில 45 பாகைக் காபன், கிளாஸ் ரெண்டையும் சேத்தா 23 மில்லிமீற்றர் வருது. 20ஐ விட வளைவு கூட, முறுக்கு நல்லாக் குறைவு. காபனுக்கு இந்த டெக்கில உள்ள வேலை இது மட்டும்தான்.

வரிசை இப்பிடி: வெளியில கிளாஸ், அதுக்கு உள்ளுக்குக் காபன் 45 பாகை, நடுவில மரம், மறுபக்கமும் அதே மாதிரி. காபன் வெளியில தெரியாட்டி என்ன பயன் எண்டு ஒரு பெடியன் கேட்டான். கிளாஸ் நனைஞ்சா கண்ணாடி மாதிரித் தெளியும், உள்ளுக்குக் கறுப்பு வடிவாத் தெரியும் மனே, படம் எடுத்துப் போடலாம்.

மார்ச் 3

ரெசின் (துணியை நனைச்சு மரத்தோட ஒட்டி இறுகிற பசை; பொலியெஸ்டர், எபொக்சி எண்டு ரெண்டு வகை பாவிக்கிறாங்க) பற்றிக் கேள்விகள் குவிஞ்சு கிடக்கு. வாழைச்சேனைப் பக்கம் போட் கட்டுற ஒரு மாமாட்ட போனன். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் போட்தான், அதால வேலை தெரிஞ்ச கைகளுக்கு எங்கட பக்கம் பஞ்சமில்ல. காபன் துணியைக் காட்டினன். ரெண்டு விரலால உரசிப் பாத்திட்டு, "இதெல்லாம் எதுக்குகா? மூண்டு மேட் போட்டு, பொலியெஸ்டர் அடிச்சு விட்டா யானை ஏறி நிக்கும்" எண்டார்.

யானை நிக்கும், உண்மைதான். வளையாது. அதோட பொலியெஸ்டர் இறுகேக்க சுருங்கும், மரத்தில அதின்ட பிடியும் எபொக்சி அளவுக்கு இல்ல. படகு ஓட்டில மேட்டுக்கு மேல மேட்டா ஒட்டிறதால அது பிரச்சினையில்ல. எங்கட டெக் நாள் முழுக்க வளைஞ்சு நிமிர்ற சாமான், மரத்துக்கும் தோலுக்கும் இடையில உரிஞ்சிடும். இதுக்கு எபொக்சிதான்.

எபொக்சியோட போட்காரர்ட மேட்டைச் சேக்காதீங்க. மேட்டில துண்டு துண்டா வெட்டின நாரைப் பிடிச்சு வைச்சிருக்கிற பசை பொலியெஸ்டரில உள்ள ஸ்டைரீனில கரையிறதுக்கெண்டு செய்தது. எபொக்சியில ஸ்டைரீன் இல்ல, பசை கரையாது, மேட் விறைச்ச பாய் போல கிடக்கும். நெய்த துணி வாங்குங்க.

மாமா சொன்ன இன்னொண்டை அப்பிடியே கேளுங்க, ஏனெண்டா அருகம்பேயில சேர்ஃப்போர்ட் ஓட்டை அடைக்கிற பெடியங்களும் பொலியெஸ்டர்தான் பாவிக்கிறவங்க: பொலியெஸ்டரைக் கெதியா இறுக வைக்கச் சேக்கிற கோபால்ட் திரவத்தையும் ஹார்ட்னரையும் ஒருக்காலும் நேரா ஒண்டோட ஒண்டு கலக்கப்படாது. வெடிக்கும். கோபால்ட் முதல்ல ரெசினுக்குள்ள கலந்து முடிஞ்ச பிறகுதான் ஹார்ட்னர்.

மார்ச் 4

"எபொக்சிக்கு ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட விட்டா கெதியா இறுகும்தானே?" இல்ல. அது பொலியெஸ்டர்ப் பழக்கம். எபொக்சியில டப்பாவில போட்ட வீதம்தான் வீதம். கூடினாலும் குறைஞ்சாலும் ரப்பர் மாதிரி நிக்கும். தராசில நிறுத்துக் கலவுங்க. போத்தல் மூடியால அளக்கிறவங்க இந்தப் பதிவுகளைப் படிக்கத் தேவையில்ல.

மார்ச் 17

நடுமரம். மூங்கில் நல்லம், ஆனா டெக் நீளத்துக்கு ஒட்டின மூங்கில் பலகை இஞ்ச லேசில ஆப்பிடாது. அக்கரைப்பற்றுத் தங்கச்சி ஒராள் கமுகஞ்சிலாகையைக் கேட்டிருந்தா. எனக்கும் அதில ஆசை. வெளிப்பக்கம் இரும்பு மாதிரி, நல்லாத் துள்ளும். ஆனா உட்பக்கம் சோறு. ஒரே தடிப்புக்குச் சீவி எடுக்கிறதுக்குள்ள பாதி மரம் தூளாப் போயிடும். சிலாகைக்குச் சிலாகை விறைப்பும் வேற வேற, டெக் ஒரு பக்கம் சரிஞ்சு தாழும். ஆராவது செய்து காட்டினா நான் முதல் ஆளாப் பாராட்டுவன்.

நான் எடுத்தது 3 மில்லிமீற்றர் பிளைவூட், மூண்டு தாள். வெளித்தாளின்ட நார் நீளவாக்கில ஓடுற தாளாப் பாத்து எடுக்கணும், காத்தான்குடி ஹாட்வெயார் நானா ஒவ்வொண்டாப் புரட்டிக் காட்டி, "தம்பி அலுமாரிக்கோ, ஆகாயக் கப்பலுக்கோ?" எண்டு கேட்டார்.

9 மில்லிமீற்றர்ப் பலகை ஒண்டை அப்பிடியே பாவிச்சா என்ன? பாவிக்கலாம், ஆனா மேல்நோக்கின வளைவு (ஆள் ஏற முதல் டெக்கின்ட நடு மேல உயர்ந்து நிக்கிறது) நிக்காது. அச்சில வளைச்சு ஒட்டினதைக் கழட்டேக்க கொஞ்சம் நிமிரும். எவ்வளவு நிமிரும் எண்டது தாள் எத்தினை எண்டதில இருக்கு: ரெண்டு தாள் எண்டா வளைவில நாலில ஒரு பங்கு போயிடும், மூண்டெண்டா ஒன்பதில ஒரு பங்கு. 20 மில்லிமீற்றர் வளைவு வேணுமெண்டா அச்சை 22.5க்குச் செய்யுங்க. தாழ்வு 23 எண்டு கணக்குச் சொல்லுது, 20 வளைவு வைச்சா ஆள் ஏறினதும் டெக் மட்டத்துக்கு வந்து ஒரு சொட்டு கீழ நிக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஏப்ரல் 7

ஒட்டினது இறுகும் வரைக்கும் அமத்திப் பிடிக்கிற அழுத்தம். வக்கியூம் பை (டெக்கைப் பைக்குள்ள மூடி, பம்பால காத்தை உறிஞ்சிறது) போட்டா நல்லம் எண்டதில சண்டையில்ல. டெக் 100க்கு 24 சென்ரிமீற்றர் எண்டு வைச்சா, காத்தில 80 வீதத்தை உறிஞ்சினாலே கிட்டத்தட்ட ரெண்டு தொன் பாரம் சமனா அமத்தும். 50 கிலோ சீமெந்துப் பை நாலை மேல அடுக்கினா 200 கிலோ. வித்தியாசம் விளங்கும்.

பழைய பிரிட்ஜ் கொம்பிரசரைத் திருப்பிப் பூட்டினா பம்ப் ரெடி. மெதுவா இழுக்கும், ஆனா நல்லா இழுக்கும். பிரச்சினை பையின்ட ஒட்டு. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் ராத்திரி முழுக்க ஓடணும். நடுச்சாமத்தில கரண்ட் போனா பை ஊதி, துணி எழும்பி, காத்து உள்ளுக்குப் போய்க் குந்தும். அதால பம்பை விட்டிட்டு மோட்டர்சைக்கிள் ரியூப்பைப் பிடிச்சன். பழைய ரியூப்பை நீளமா, ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, டெக்கையும் அச்சையும் சேத்து இழுத்து இழுத்துச் சுத்திறது. கரண்ட் தேவையில்ல. ரப்பர் விளிம்பில கூட அமத்தும், நடுவில குறைவா அமத்தும். அதுக்கு நடு முதுகில ஒரு சிலாகை வைச்சு அதுக்கு மேலால சுத்தணும்.

பம்ப்காரர் கோவிக்க வேணாம். ரெசின் கொஞ்சம் கூட நிண்டு டெக் பாரம் கூடும், ஒத்துக்கொள்ளுறன்.

ஏப்ரல் 21

வருசத்துக்கு ஆரையம்பதிச் சொந்தக்காரப் பெடியன் தன்ட முழுக் கறுப்பு டெக்கோட வந்தவன். கடற்கரையில மத்தியானம் விட்டிட்டுச் சோத்துக்குப் போய், பிறகு வந்து ஏறினா, வளைவைக் காணேல்ல. மட்டமாப் போய்க் கிடக்கு.

எபொக்சி இறுகின சூடு எவ்வளவோ, அதுக்குக் கொஞ்சம் மேலதான் அது இளகிற சூடும். 30 பாகையில இறுகின ரெசின் 50 தாண்டேக்க மெத்தெண்டு வரத் தொடங்கும். சித்திரை வெயிலில கறுப்புப் பலகை 60க்குப் போறது அதிசயமில்ல. அதால இறுகினதும் சூட்டில வைச்சு எடுக்கிற வேலை ஒண்டு இருக்கு. ஒரு நாள் அறைச் சூட்டில நிண்ட பிறகு, அச்சை விட்டுக் கழட்டாம, கறுப்புத் தறப்பாளால மூடி, தகரத்துக்குக் கீழ வெயிலில வைச்சு மெல்ல மெல்லச் சூடேற விடுங்க. உள்ளுக்கு ஒரு வெப்பமானி போட்டு 55, 60 வருதோ பாருங்க. வெளிநாட்டுக்காரர் இதுக்கு ஹீட்டர் பெட்டி செய்யிறாங்க. எங்களுக்குச் சூரியன் சும்மா தருது, அதையும் நாம திட்டிக் கொண்டிருக்கிறம்.

மே 14

வேலை நிக்குது. கண்ணகை அம்மன் சடங்கு முடியும் வரைக்கும் வளவுக்குள்ள இந்த மணம் வரப்படாது எண்டு அம்மா. கேள்வியளை எழுதி வையுங்க.

ஜூன் 30

கச்சான் அடிக்குது. ரெசின் வேலைக்கு இந்தக் காத்துதான் காலம். மாரியில ஈரக் காத்தில எபொக்சி இறுகினா மேல மெழுகு மாதிரி ஒட்டுற படை ஒண்டு வரும். அதுக்கு மேல அடுத்த தட்டுப் பிடிக்காது. வந்தா அரம் போட முதல் தண்ணியும் சட்டி தேய்க்கிற பச்சைத் துண்டும் போட்டுக் கழுவணும். கச்சானில அந்தத் தொல்லை குறைவு. ஆனா சூடு. 25 பாகைக்கு அரை மணித்தியாலம் எண்டு டப்பாவில போட்ட ரெசின் 35இல அதில பாதிதான் தாங்கும். கலந்ததைக் கோப்பையிலயே வைச்சிருந்தா தன்ட சூட்டில தானே கொதிச்சுப் புகையும். கலந்த கையோட தட்டையான தட்டத்தில ஊத்திப் பரப்புங்க.

விடியக்காலமா, பின்னேரமா? நான் பின்னேரம் எண்டுவன். விடிய ஒட்டினா, பொழுது ஏற ஏற மரத்துக்குள்ள உள்ள காத்து விரிஞ்சு குமிழியா வெளியில வரும். பொழுதுபடேக்க மரம் குளிரும், ரெசினை உள்ளுக்கு இழுக்கும்.

இனிக் காபனை நனைக்கிற விசயம். கிளாஸ் நனைஞ்சா தெரியும். வெள்ளை போய்த் தெளியும். காபன் நனைஞ்சாலும் கறுப்பு, நனையாட்டியும் கறுப்பு. மேல மினுங்கும், அடியில காஞ்சு கிடக்கும். அதால அதை டெக்கில வைச்சு நனைக்காம, முதல்ல பொலித்தீனுக்கு மேல விரிச்சு நிறுத்துப் பாத்தன். டெக் அளவுத் துண்டு 48 கிராம். ரெசினை ஊத்தி, பழைய பாங்க் அட்டையால நடுவில இருந்து ஓரத்துக்கு மெல்லத் தள்ளித் தள்ளிப் பரப்பி, புரட்டி மறுபக்கமும் பாத்து, திருப்பி நிறுத்தா 100 கிராமுக்குக் கிட்ட வரணும். 80 எண்டா எங்கயோ காஞ்சிருக்கு. 120 எண்டா வழிச்சு எடுங்க. 45 பாகையில வெட்டின துணி சும்மா தொட்டாலே இழுபட்டுக் கோணும், பொலித்தீனோட தூக்கிக் கவிட்டு வைச்சு, பிறகு பொலித்தீனை உரிக்கிறது லேசு.

மேல நைலோன் லைனிங் துணி ஒண்டு விரிச்சு ரியூப்பைச் சுத்தினன். இறுகினதும் அந்தத் துணியை உரிச்சா மேற்பரப்பு சொரசொரப்பா, மெழுகுப் படை இல்லாம வரும். எல்லா லைனிங்கும் உரிபடாது, சின்னத் துண்டில பாத்திட்டுப் போடுங்க.

ஜூலை 6

வெட்டினதும் அரம் போட்டதும் வளவில, தண்ணி தெளிச்சுத் தெளிச்சு. காபன் தூள் கரண்டைக் கடத்தும். வீட்டுக்குள்ள அரம் போட்டு அது கம்பியூட்டருக்குள்ள போனா முடிஞ்சுது. மாஸ்க், நீட்டுக் கை சேட். சொறி ரெண்டு நாளைக்கு இருக்கும்.

ட்ரக் பூட்டுற ஆணி ஓட்டை: கீழ ஒரு பலகைத் துண்டை இறுக்கி, மேல டேப் ஒட்டித் துளைச்சா நார் பிய்யாது. ஒரு அளவு பெரிசாத் துளைச்சு, ரெசினால நிரப்பி, இறுகினதும் சரியான அளவில திருப்பித் துளையுங்க. டெக்குகள் சாகிறது உடைஞ்சு இல்ல, ஓட்டையாலயும் விளிம்பாலயும் தண்ணி போய் மரம் ஊதித்தான். விளிம்பு முழுக்கவும் ரெசின் பூசணும்.

ஜூலை 7

நேற்று எழுத விட்டது, கல்லடி, நாவலடி, பாசிக்குடா எண்டு கடற்கரையில ஓடுறவங்களுக்கு முக்கியம். காபனும் அலுமினியமும் நேராத் தொட்டு, நடுவில உப்புத் தண்ணி பட்டா அலுமினியம் அரிக்கும். ட்ரக் அலுமினியம். கடல் காத்தில இருக்கிற உப்பே போதும். கிளாஸை வெளியில போடச் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம். ட்ரக்குக்கும் டெக்குக்கும் நடுவில பிளாஸ்டிக் தகடு வையுங்க, ஆணியை எவர்சில்வராப் போடுங்க. ஓட்டையை ரெசினால நிரப்பித் துளைக்கிறதும் இதுக்கு உதவும்.

பிடிக்கு மேல ஒட்டுற கறுப்புச் சொரசொரப்புத் தாள் வாங்கேல்ல. நாவலடி மணலை நல்ல தண்ணியில அலசி, காய வைச்சு, அரிச்சு, மெல்லிசா ரெசின் பூசி அதில தூவினன். டெக் கொஞ்சம் வெளிறித் தெரியுது, வெயிலில சூடும் குறையும். முழங்கால் பட்டா தோல் போகும், அது வேற கதை.

ஓகஸ்ட் 4

ஓடுது. ரெண்டு கல்லில ட்ரக்கை வைச்சு ஏறி நிண்டு அளந்தா 26 மில்லிமீற்றர். கணக்குச் சொன்னது 23. பிளைவூட்டில நடுத்தாளின்ட நார் குறுக்க ஓடுறதால மரம் 10 கிகாபாஸ்கலுக்குக் குறைவு, வித்தியாசம் அங்கதான்.

சில்லு 70 மில்லிமீற்றர், இறுக்க அளவு 78ஏ, மெத்துச் சில்லு. சின்ன இறுக்கமான சில்லோட இஞ்சத்த றோட்டில ஓடாதீங்க, ஒரு சின்னக் கல்லுப் போதும். கல்லடிப் புதுப் பாலத்தில ஓடலாமோ எண்டு கேட்டவருக்கு: நடைபாதையில பின்னேரம் சனம் காத்து வாங்க நிக்கும், பாட்டி ஒராளை இடிச்சா டெக்கின்ட முறுக்கு விறைப்பு உங்களைக் காப்பாத்தாது. கடற்கரை றோட்டில காலமை போங்க, மணல் ஏறின இடத்தை முதல்ல நடந்து பாத்திட்டு.

முறுக்கு இல்ல. ஒரு ட்ரக்கைக் காலால அமத்திக் கொண்டு மற்றதைக் கையால திருக்கிப் பாத்தா, ஆரையம்பதிப் பெடியன்ட முழுக்காபன் டெக்குக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியேல்ல. அதில நார் முழுக்க நேராவும் குறுக்காவும் ஓடுது, 45இல ஒண்டுமில்ல. இதில காபன் அதில பாதியும் இல்ல.

ஓகஸ்ட் 25

கல்முனைத் தம்பி படம் போட்டிருக்கிறார், வாழ்த்துகள். "நுனியைத் தூக்கி வால் வைக்கலாமா?" எண்டது கேள்வி. வைக்கலாம், ஆனா வால் திடீரெண்டு வளையிற இடத்தில 3 மில்லிமீற்றர்த் தாள் வெடிக்கும். அந்த இடத்துக்கு 1.5 இல்லாட்டி அதிலயும் மெல்லிசுத் தாள் தேடுங்க. வாலில கிளாஸ் ரெண்டு தட்டு. அங்க வளைவு வேணாம்.

உங்கட படத்தில பின் ட்ரக்குக்கு முன்னால கிளாஸுக்குக் கீழ வெள்ளையா ஒரு திட்டுத் தெரியுது. அஞ்சு ரூபாக் குத்தியால தட்டிப் பாருங்க. மற்ற இடமெல்லாம் டக் டக் எண்டும், அங்க மொத்தையாக் கேட்டா தோல் மரத்தை விட்டிருக்கு. எனக்கும் முன் பக்கத்தில பெருவிரல் அளவுக்கு அப்பிடி ஒரு இடம் கிடக்கு. ரெண்டு சின்ன ஓட்டை போட்டு, ஒண்டால ஊசியில ரெசினை ஏத்தி மற்றதால வெளியில வரும் வரைக்கும் அமத்தி, மேல பொலித்தீனும் பாரமும் வைக்கலாம். ரெசின் போத்தலில வெள்ளையாக் கட்டி பட்டுக் கிடந்தா எறியாதீங்க, சுடுதண்ணிக்குள்ள போத்தலை வைச்சா கரைஞ்சு தெளியும். ஆறின பிறகு ஹார்ட்னர் சேருங்க.